நெனிடாவுக்கு ஒரு மகன்

வலது கையால் பெரியவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, இடது கையால் கைப்பேசியைத் தொட்டுப் பார்ப்பாள் நெனிடா. "இன்னும் பரிசீலனையிலதான் இருக்குடி" என்று என் காதில் முணுமுணுப்பாள். கனடாவிலேயே நிலையாகத் தங்க பி.ஆர். கேட்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் முகம் தெளிந்து நான் பார்த்ததில்லை.

வின்னிபெக்கின் இந்த முதியோர் இல்லத்தில் பணிப்பெண்கள் பாதிப் பேர் எங்களைப் போலப் பிலிப்பைன்ஸ்காரிகள். நெனிடா, வண்டியே வராத தெருவிலும் பச்சை விளக்குக்காகப் பனியில் விறைத்து நிற்பாள். விருந்துக்குப் போனால் பியரைத் தொடமாட்டாள். "ஒரு சின்ன கேஸ் போதும், எல்லாம் போச்சு" என்பாள்.

யாருக்கு ஏன் மறுத்தார்கள் என்பதுதான் எங்கள் சாப்பாட்டு நேரப் பேச்சு. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன், வேலையே செய்யாத கடையின் பெயரைக் காட்டியவள், கல்யாணத்தை மறைத்தவன். பேச்சு இந்த மூன்றாவது ஆளிடம் வந்ததும் நெனிடா தட்டோடு எழுந்துவிடுவாள்.

காரணத்தை ஒருநாள் துணி துவைக்கும் அறையில் சொன்னாள். ஊரில், அக்கா வீட்டில், அவளுக்கு ஒரு மகன் வளர்கிறான். ஜோமர். முதலில் வேலைக்கு வந்தபோது, பிள்ளை இருப்பதாகச் சொன்னால் விசா கிடைக்காது என்று மணிலா ஏஜெண்ட் பயமுறுத்தியிருக்கிறான். இவளும் பிள்ளை இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டாள். இப்போது அவனைச் சொன்னால் பழைய பொய் வெளியே வரும். சொல்லாவிட்டால், பின்னால் மகன் என்று அவனை வரவழைக்க வழியிராது.

அக்கா மறைக்கத்தான் சொன்னாளாம். இவள் பி.ஆர். விண்ணப்பத்தில் ஜோமரின் பெயரை எழுதிவிட்டாள்.

"ரெண்டாவது தடவையும் அவன் இல்லைன்னு சொல்லிட்டு, நான் என்னடி அம்மா?" என்றாள். சொல்லிவிட்டு, மடித்த துண்டையே மறுபடி பிரித்து மடித்தாள்.

போன வாரம் பதில் வந்தது. முன்பு உண்மையை மறைத்ததால் மறுப்பு. இனி ஐந்து வருடத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. நீதிமன்றம் போய்ப் பார்க்கலாம் என்கிறார் வக்கீல். ஜெயிக்குமா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

பதில் வந்த அன்று சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரம் பார்த்து ஜோமர் வீடியோவில் அழைத்தான். மற்ற நாளாக இருந்தால் நெனிடா கைப்பேசியோடு படிக்கட்டுப் பக்கம் ஓடியிருப்பாள். அன்று உட்கார்ந்த இடத்திலேயே எடுத்தாள். முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, கைப்பேசியைச் சோற்றுப் பாத்திரத்தின் மேல் சாய்த்து, நாங்கள் எல்லோரும் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.