மெக்சிகோ நர்ஸ் சொன்ன சேதி

ஆறு வருடங்களுக்கு முன்பு, தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் ஸ்பானிஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஏற்றுமதி அலுவலகத்தில் இருப்பவர்களும் கப்பல் வேலைக்குப் போகிறவர்களும் காலையில் வந்து படிப்பார்கள். நான் படித்தது ஸ்பெயின் நாட்டு ஸ்பானிஷ். மெக்சிகோக்காரர்கள் எல்லாச் சொல்லுக்கும் செல்லமாக ஒரு வால் ஒட்டிக் கொஞ்சுவார்கள், அது கொச்சை என்று வகுப்பில் கிண்டலடிப்பேன். வீட்டில் "வாரான், சொல்லுதான்" என்று பேசுகிற எனக்கு இந்த வாய்க்கொழுப்பு எங்கிருந்து வந்ததோ!

ஒருநாள் காலை ஏழு மணிக்கு, பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். அவர் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். மெக்சிகோ துறைமுகம் ஒன்றில் கப்பலைக் கட்டியிருந்த வடக்கயிறு அறுந்து காலில் அடித்து, அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவருடைய போன் கப்பலிலேயே கிடந்தது. கம்பெனி கொடுத்த வார்டு நம்பர்தான் கையில் இருந்தது.

"அங்கன யாருக்கும் இங்கிலீஷ் தெரியல சார். அவுக எப்படி இருக்காகன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். மாணவர்கள் என் ஸ்பானிஷைக் கேட்கட்டுமே என்ற ஆசைதான். எடுத்த நர்ஸ் கடகடவென்று பேசினார். 'ஆபரேஷன்', 'நாளை' என்ற இரண்டு சொற்கள்தான் பிடிபட்டன. இன்னொரு முறை கேட்டேன். அலுத்துக்கொள்ளாமல் திரும்பச் சொன்னார். அப்போதும் புரியவில்லை. பின்னால் யாரோ சிரித்தமாதிரி இருந்தது. மூன்றாம் முறை கேட்கக் கௌரவம் விடவில்லை. சரி, நன்றி என்று ஸ்பானிஷில் சொல்லி வைத்துவிட்டேன்.

"நல்லா இருக்காராம். நாளைக்குச் சின்ன ஆபரேஷன். இப்போ தூங்குறாராம், தொந்தரவு பண்ண வேண்டாமாம்" என்றேன். நாளை ஆபரேஷன் என்பதைத் தவிர மற்றதெல்லாம் நானாகச் சேர்த்தது. அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, நேரே மாதா கோவிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனார்.

நான்கு நாள் கழித்து மறுபடி வந்தார். ஆபரேஷன் முடிந்து கணவர் பேசிவிட்டாராம். சந்தோஷமாக உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"காலு போயிரும்னு பயந்து கெடந்திருக்காக சார். ஆபரேஷனுக்கு முன்னால எங்கிட்டப் பேசணும்னாகளாம். அரைமணி நேரத்துல கூப்பிடுங்க, போன அவுக கையில குடுக்கேன்னு நர்ஸம்மா உங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னாகளாம். ராத்திரி பூரா வார்டு போனையே பாத்துட்டு முழிச்சிருந்தாகளாம்."

கூட வேலை பார்த்த மெக்சிகோக்காரர்களிடம் பழகிய பேச்சு அவர் கணவருக்கு நன்றாக வரும், நர்ஸ் சொன்னது அவருக்கு அப்படித்தான் புரிந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"புரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா சார்? நான் வேற யாரையாவது புடிச்சிருப்பேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

கால் தப்பிவிட்டது. விடுமுறையில் வரும்போது அவர் கணவர் என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்கிறார். எனக்குத்தான் பதிலுக்குச் சிரிக்க முகம் இல்லை. நாலு மாணவர்கள் முன்னால் என் மானம் போகக் கூடாது என்பதற்காக, பயந்து கிடந்த ஒருவருக்கு மனைவியின் குரல் கிடைக்காமல் செய்துவிட்டேனே. அந்த நர்ஸ் பேசியதுதான் கொச்சை என்று இனி எந்த வாயால் சொல்வேன்?