இடது குழலில் குளவி

எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு மேலே ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி தொங்குகிறது. சீமையில் செய்தது. என் மாமனாரின் அப்பா வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து அதில் ஒரு தோட்டாகூட வெடித்ததில்லை. பக்கவாட்டுத் தகட்டில் இரண்டு வாத்துகள் பறப்பதுபோல் செதுக்கியிருக்கும். அந்த இறகுக் கோடுகளைப் பார்த்தால் போன வாரம் கடையிலிருந்து வந்ததுபோல் தோன்றும். கல்யாணமாகி வந்த புதிதில், ஒட்டடை அடிக்கிறேன் பேர்வழி என்று நான் அதைத் தொடப்போக, மாமனார் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடி வந்தார்.

"கை வெக்காதம்மா. வேர்வையில உப்பு இருக்கிது. துரு புடிச்சிடும்."

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். எனக்கே உப்புப் பாடம் எடுக்கிறாரே என்று அன்றைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை இறக்கி, நீளக் கம்பியில் துணி சுற்றி இரண்டு குழல்களுக்குள்ளும் விட்டு எடுப்பார். அந்த எண்ணெய் வாசனையோடுதான் எங்கள் வீட்டுக் கறிக்குழம்பு கொதிக்கும். ஆயுத பூஜைக்கு மிக்ஸிக்குச் சந்தனம் உண்டு, பைக்குக்கு உண்டு, நான் பரீட்சைத் தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவுக்குக்கூட உண்டு. துப்பாக்கிக்கு மட்டும் கிடையாது. ஈரம் ஆகாது என்று, பக்கத்துச் சுவரில் பொட்டு வைத்துவிட்டுப் போவார். இவ்வளவு பத்திரம் எனக்கு இருந்திருந்தால் நான் இன்னும் இளமையாக இருந்திருப்பேன் என்று கேலி செய்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

என் கணவருக்கு அது பேஜார். செஞ்சி ரோட்டை ஒட்டி, கல்மலை அடிவாரத்தில் எங்களுக்கு மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம். காய் பிடிக்கிற சமயம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் இறங்கும். சுற்றிலும் பழைய புடவை கட்டிப் பார்த்தோம். என் கல்யாணத்துக்கு வந்த புடவைகளில் நாலு இன்னும் அங்கேதான் வெயிலில் நிற்கின்றன. தகரம் தட்டினோம், தீபாவளி வெடி போட்டோம். பன்றிகள் பழகிவிட்டன.

"லைசென்ஸ்லயே பயிர்ப் பாதுகாப்புன்னுதாம்பா போட்டுக்கிது. பன்னிய சுட வேணாம், கேஸாயிடும். மேல பாத்து ஒரு வேட்டு. மலையில எதிரொலி கேட்டா ஒரு மாசத்துக்கு எட்டிப் பாக்காது."

"ஒரு வேட்டு போட்டா அது பழைய துப்பாக்கிடா. போடாத வரைக்கும் புதுசு."

எட்டு வருஷமாக இதே பேச்சு. நான் யார் பக்கமும் சேர்ந்ததில்லை. எனக்கு அந்தத் துப்பாக்கியைக் கண்டாலே பயம். அது வெடிக்காமல் இருப்பதும் பயம், வெடித்தால் என்ன ஆகுமோ என்பதும் பயம்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். போன தேர்தல் முடிந்து திரும்ப வாங்கி வந்தபோது, மரக்கட்டையில் நகத்தளவு ஒரு கீறல். எத்தனையோ துப்பாக்கிகளை ஒன்றாகச் சாய்த்து வைத்திருப்பார்கள், எது எதோடு உரசியதோ. மாமனார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "கீறல் விழுந்துடுச்சே, இனிமே இன்னா புதுசு?" என்று கணவர் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

அதற்கப்புறம் மாமனாருக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. குனியக்கூடாது, தூசி படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் நின்றுபோயிற்று. கணவர் நேரம் கிடைத்தபோது வெளியே ஒரு துடைப்பு துடைப்பார், அத்தோடு சரி.

அந்தச் சமயத்தில்தான் லைசென்ஸைப் புதுப்பிக்க விழுப்புரம் போனோம். எழுத்து சரியாகத் தெரியாததால் மாமனார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆபீஸர் ஃபைலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பயிர்ப் பாதுகாப்புன்னு வாங்கியிருக்கீங்க. தோட்டா வாங்கினதுக்கு ஒரு பதிவுகூட இல்லையே பெரியவரே. சுடவே சுடாத ஆளுக்கு எதுக்கு லைசென்ஸ்? ஒப்படைச்சிடுங்களேன்."

அடுத்த மாதம் வந்து பதில் சொல்லச் சொன்னார். பஸ்ஸில் மாமனார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எது கெடக்கூடாது என்று ஆயுசு முழுக்கக் காப்பாற்றினாரோ, அதைக் கெடுத்தால்தான் கையில் வைத்துக்கொள்ள முடியும்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தை இல்லை. புதுச்சேரி, சென்னை என்று ஸ்கேன் படங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று எதிர் இலையிலிருந்து கேட்பார்கள். அதனாலேயே நான் பந்திக்குப் போவதை விட்டுவிட்டேன்.

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கூட்டை யாரும் உடைக்க மாட்டார்கள். என் மாமியார் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒட்டடை அடிப்பவர், ஆனால் ஜன்னல் சட்டத்தில் குளவி மண் வைத்தால் துடைப்பத்தை அந்தப் பக்கம் கொண்டுபோக மாட்டார். முன்பு ஒருமுறை அப்படி ஒரு கூடு இருந்தது. மழைச்சாரலில் அது தானாகவே கரைந்தது. நான் அவரிடம், புழுவுக்குக் கூடு கட்டுகிற பூச்சிக்கும் என் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று எகிறியிருக்கிறேன். வகுப்பிலும் பிள்ளைகளிடம் இந்த மாதிரி நம்பிக்கைகளைக் கிழித்துத் தொங்கவிடுவேன்.

ஆபரேஷன் முடிந்த பிறகு, விழுப்புரம் போவதற்கு முன்பு, ஒரு சனிக்கிழமை. வீட்டில் யாரும் இல்லை. நான் கூடத்தில் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு குளவி வாயில் மண் உருண்டையோடு வந்து, துப்பாக்கியின் இடது குழல் வாய்க்குள் நுழைந்தது. உள்ளேயிருந்து ரீங்காரம் கேட்டது. வெளியே வந்தது, மறுபடி மண்ணோடு வந்தது. நான் பேனாவை மூடிவிட்டு எண்ண ஆரம்பித்தேன். பதினேழு முறை. அன்று நான் தாள் திருத்தவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாமனார் உடனே கம்பியை விட்டுக் குத்தி எடுத்துவிடுவார். மண்ணில் ஈரம், ஈரத்தில் துரு. அவர் பாடம் எனக்கு மனப்பாடம். மாமியாரிடம் சொன்னால், நான் இத்தனை நாள் பேசிய பேச்செல்லாம் என்ன ஆவது? எப்படியும் அந்தத் துப்பாக்கி வெடிக்கப்போவதில்லை, குஞ்சு பொரித்துப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அண்ணாந்து பார்ப்பேன். சாமி படத்தைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை மதியம், ஸ்டாஃப் ரூமில் டப்பாவைத் திறக்கும்போது கணவர் போன் செய்தார்.

"தோட்டா வாங்கிக்கினு வந்துட்டேன். அப்பாவே சரின்னுட்டாரு. லைசென்ஸ் போறதுக்கு ஒரு வேட்டு போயிட்டுப் போவுது, கொல்லையில போட்டுப் பாத்துடலாம்னாரு. நாலரை மணிக்கு. மொத வேட்டு அவருதானாம்."

டப்பாவை மூடிவிட்டேன். சுற்றிலும் டீச்சர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குழலுக்குள்ள பாத்தீங்களா?"

"சுடாத குழல்ல இன்னாக்கிது பாக்க? வெச்சிடறேன், வேல கெடக்குது."

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. சொல்லவில்லை.

அடுத்த பீரியடில் ஒன்பதாம் வகுப்புக்கு அழுத்தம் நடத்த வேண்டியிருந்தது. குக்கர் விசில் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வெடிச்சிடும் மிஸ்" என்று வகுப்பே கத்தியது. எனக்குக் கரும்பலகை மங்கியது. வராந்தாவுக்கு வந்து கணவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மூன்று முறை போட்டும் எடுக்கவில்லை. மாமியாருக்குப் போட்டேன். எடுத்தார். அப்போதும் எனக்கு உண்மை வரவில்லை.

"அத்தை, இன்னைக்கு அஷ்டமி. நல்ல காரியம் வேணாம்னு மாமாகிட்ட சொல்லுங்க."

நான் அஷ்டமி பார்க்கிறேன் என்பதே அவருக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கும்.

"அஷ்டமி முந்தாநேத்தே போயிடுச்சும்மா. இன்னைக்கு தசமி. மாமா காலண்டர் பாத்துட்டுதான் நேரமே குறிச்சாரு. நீ சாப்ட்டியா?"

போனை வைத்துவிட்டேன். ஒரு பூச்சிக் கூட்டுக்காக ஒரு மனுஷரின் முகத்தை, கையைப் பணயம் வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மறுபடி போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹெச்.எம்.மிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

செஞ்சி பஸ் ஆளுக்காக நின்றது. "ஜல்தியா எடுங்கண்ணா" என்று நான் கத்தியதில் கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வழியெல்லாம் போட்ட போனுக்கும் பதில் இல்லை. மாமனார் எனக்குச் செய்த ஒவ்வொன்றும் ஞாபகம் வந்து தொலைத்தது. டிரீட்மென்ட்டுக்கு லீவு போட்டபோது ஊரில் ஏதோ கேட்டவனிடம், "எம் பொண்ணு ஒடம்பு, உனக்கு இன்னாடா?" என்று சண்டைக்குப் போனவர் அவர். ஸ்டாப்பில் இறங்கும்போது நாலு இருபத்தைந்து. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினேன்.

கொல்லையில் மூன்று பேரும் இருந்தார்கள். மாமியார் தரையில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரத்தை அணைத்துக்கொண்டிருந்தார். மாமனார் தோளில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் கட்டையை அணைத்து, குழலை மலைக்கு மேலே நீட்டியிருந்தார். கண்ணில் இன்னும் ஆபரேஷன் கறுப்புக் கண்ணாடி.

"சுடாதீங்க மாமா! குளவி! உள்ள குளவி!"

அவர் விரலை எடுத்தார். அதுதான் முக்கியம், விரலை எடுத்துவிட்டார். நான் மல்லாட்டைக் கொடிமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கணவர் துப்பாக்கியை வாங்கி மடக்கித் திறந்து, இரண்டு தோட்டாவையும் எடுத்தார். குழலை வானத்துப் பக்கம் தூக்கிக் கண்ணை வைத்தார். வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். பிறகு அப்பாவிடம் கொடுத்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

மாமனார் நெடுநேரம் பார்த்தார்.

"அடைச்சிக்கினுக்கிது. எப்ப பாத்தம்மா?"

"மூணு வாரம் ஆவுது மாமா."

"மூணு வாரமா? ஏம்மா சொல்லல? உங்கிட்ட எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன், ஈரம் பட்டா..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். மாமியாரைப் பார்த்தேன். மாமியார் என்னைப் பார்த்தார், கையிலிருந்த தட்டைப் பார்த்தார், பிறகு மாமனாரிடம் மெதுவாக, "பொண்ணு எப்படிச் சொல்லும்? நீங்க குத்தி எடுத்துடுவீங்களே" என்றார்.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கணவர் கம்பியை எடுத்துவர வீட்டுப் பக்கம் திரும்பினார். "கம்பி வேணாம்டா" என்றார் மாமனார். துண்டால் குழலின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்தார். குலுங்காமல், படுக்கவைத்த மாதிரியே இரண்டு கைகளில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய ஆணியில் மாட்டினார். "அது பொரிச்சிப் பறந்து போற வரைக்கும் இதுல யாரும் கை வெக்கக் கூடாது."

"துரு புடிச்சிடும் மாமா" என்றேன்.

"புடிக்கட்டும்" என்றார்.

அடுத்த மாதம் மறுபடி விழுப்புரம் போனோம். சுடவில்லை, சுடவும் முடியாது. ஃபைலோடு லைசென்ஸும் போகப்போகிறது, என்னால்தான் போகப்போகிறது. பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். அதே ஆபீஸர் அதே கேள்வியைக் கேட்டார்.

"தோட்டா வாங்கிட்டீங்க, சரி. ஏன் பெரியவரே, இன்னும் சுடலைன்னு எழுதியிருக்கீங்க?"

மாமனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொய் சொல்லி நான் பார்த்திராத மனிதர்.

"வீட்ல விசேஷம் எதிர்பாத்துக்கினு இருக்கோம் சார். இப்ப துப்பாக்கி எடுக்கக் கூடாதுங்க."

வாயும் வயிறுமாக ஒருத்தி இருக்கிற வீட்டில் உயிருக்குக் கேடான காரியம் செய்ய மாட்டார்கள் என்று அந்த ஆபீஸருக்கும் தெரியும். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் புடவைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன். மூடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"அப்படியா? நல்லது. அடுத்த வாட்டி பார்த்துக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, "வாழ்த்துக்கள்மா" என்றார்.

கூட்டில் இப்போது ஒரு சின்னத் துளை இருக்கிறது. குளவி என்றைக்கோ பறந்துவிட்டது. மாமனார் இன்னும் கம்பியை எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஆனால் அன்று அந்த ஆபீஸில், எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றுதானே சொன்னார், அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் ஆபீஸரைப் பார்த்து, "தேங்க்ஸ் சார்" என்றேன்.