மர்மப் பூச்சி என்று எழுதியது நான்தான்

வேப்பந்தட்டை பக்கத்து ஏரிக்கரையில் கொசு மருந்து அடித்தது உண்மை. ஊராட்சிச் செயலர் இன்று மதியம் போனில் உறுதி செய்தார். "உங்க நியூஸ் பாத்துட்டுத்தான் சார் அடிச்சோம்."

போன வாரம் அந்த ஊர்த் தெருவிளக்குகளில் மொய்த்த பூச்சிகளை 'மர்மப் பூச்சி படையெடுப்பு, மக்கள் பீதி' என்று எழுதியிருந்தேன். என்ன பூச்சி என்று யாரையும் கேட்கவில்லை. தெரியாததற்கெல்லாம் 'மர்ம' போடுவது எங்கள் தொழில் பழக்கம்.

காலையில் பெரம்பலூர் பஸ்ஸில், அந்த ஏரியில் மீன் குத்தகை எடுத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மர்மம் என்னங்க மர்மம்? அது ஒருநாள் பூச்சி. குஞ்சா இருக்கறப்ப தண்ணிக்குள்ளதான் கெடக்கும். தண்ணி கெட்டா இருக்காது. எம் மீனுக்கு அதாங்க தீனி. இப்ப கரையெல்லாம் மருந்தடிச்சு, கெண்டைக் குஞ்செல்லாம் செத்து மெதக்குது. நீங்க பேப்பர்லதானே இருக்கீங்க? எந்தப் புண்ணியவான் எழுதுனான்?"

"விசாரிக்கிறேன்" என்றேன்.

மீன் செத்தது மருந்தாலா என்பது ஏரித் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை முடிவு வந்தால்தான் தெரியும். என் திருத்தம் நாளைய பேப்பரில் வருகிறது. அதைக் குத்தகைக்காரர் பார்ப்பதற்குள் நானே போன் செய்துவிட வேண்டும். முதல் வார்த்தை என்ன சொல்லலாம்? யாராவது சொல்லுங்கள்.