நைன் எல்ம்ஸ் போகும் வழியில் ஓர் ஒத்திகை

செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு, விக்டோரியா போகும் ரயிலுக்காக நானும் அப்பாவும் தெற்கு லண்டனின் தோர்ண்டன் ஹீத் நிலையத்தில் நின்றோம். நைன் எல்ம்ஸில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் அன்று எனக்குப் பேட்டி. எங்கள் வீட்டில் இதைக் கிரீன் கார்ட் பேட்டி என்றுதான் சொல்கிறோம். சரியாகச் சொன்னால் இது வேலைவழிக் குடியேற்ற விசாவுக்கான பேட்டி. அங்கே வேலை தரும் நிறுவனம் எனக்காகப் போட்ட மனு ஏற்கப்பட்ட பிறகு நடப்பது. அட்டை அமெரிக்காவில் போய் இறங்கிய பின்னரே வரும்.

இனிப் போகிறவர்களுக்காக: கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் சான்றிதழ், வேலைக் கடிதம், படங்கள். மருத்துவப் பரிசோதனையை முன்பே முடித்துவிட வேண்டும். தடுப்பூசி விபரங்களைக் குடும்ப வைத்தியரிடம் வாங்கிக்கொண்டு போனால் போட்ட ஊசியை மறுபடி போட வேண்டி வராது. மடிகணினியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

காகிதங்களைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. போன வாரம் நிறுவனத்தின் வழக்கறிஞர் காணொளியில் ஒத்திகை பார்த்தபோது, உங்கள் வேலையைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் உங்களால் பேச முடியவில்லையே என்றார். பதில் தெளிவில்லாமல் இருந்தால் கோப்பை மேலதிக விசாரணைக்கு ஒதுக்கிவிடலாம், அது மாதக்கணக்கில் இழுக்கும் என்றும் சொன்னார். பொஸ்டனில் எனக்காக ஒரு குழுவின் தலைமைப் பதவி காத்திருக்கிறது. மாதக்கணக்கில் அது காத்திருக்காது.

இரண்டு வரிப் பழக்கம் வீட்டில் வந்தது. அப்பா இலங்கையிலிருந்து அகதியாக வந்து குரொய்டன் குடிவரவு அலுவலகத்தில் பேட்டி கொடுத்தவர். அவருக்குத் தெரிந்த பேட்டி அது ஒன்றுதான். எனக்கு இந்தப் பேட்டி வந்ததும் பஸ் டிப்போவில் லீவு போட்டுவிட்டுப் பயிற்சி தரத் தொடங்கிவிட்டார்.

ரயிலில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் அப்பா தொண்டையைச் செருமி அதிகாரியானார்.

"நீர் எந்த வருசம் இந்த நாட்டுக்கு வந்தனீர்?"

நான் வருடத்தைச் சொன்னேன்.

"எந்த வழியால வந்தனீர்? ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?"

"அப்பா, எனக்கு அப்ப நாலு வயசு. நீங்கள்தான் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டனீங்கள்."

"அதைச் சொல்லு. அதுக்கு மேல ஒண்டும் வேண்டாம். கூடக் கதைச்சா கூடக் கேப்பினம். என்ன வேலை செய்யிறீர்?"

"மென்பொருள் பொறியியலாளர்."

"காணும், இவ்வளவும் போதும். நல்ல பதில்."

நோர்பரி நிலையம் தாண்டியபோது எதிர் இருக்கையில் கண்ணை மூடியிருந்த பெண் சிரித்துவிட்டார். மேலங்கிக்குள் தாதியர் சீருடை தெரிந்தது.

"மன்னிச்சுக்கங்க சார். நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்கலாம்னு பார்த்தேன், முடியல. இது வேலை விசாவா, போலீஸ் ஸ்டேஷனா? பொண்ணு ஏதோ திருடிட்டு வந்த மாதிரியில்ல பதில் சொல்லுது!"

அப்பாவுக்கு முகம் சுருங்கியது. "உங்களுக்குத் தெரியாது தங்கச்சி. பேட்டி எண்டா அப்பிடித்தான்."

"சரி சார். ஏம்மா, என்ன மென்பொருள் அது?"

"மருந்தேத்துற பம்புக்கு, அக்கா. ஹொஸ்பிற்றலில நரம்பில..."

"அட, அதா! ராத்திரி பூரா கத்துமே, அந்தப் பிசாசா? உங்க ஆளுங்க வேலைதானா? ஒண்ணுமே இருக்காது, கீங் கீங்னு கத்தும். நேத்து மட்டும் எத்தனை தடவை ஓடியிருப்பேன்!"

எனக்குச் சுருக்கென்றது. அப்பாவின் பயிற்சியெல்லாம் அந்த இடத்திலேயே மறந்துபோனது.

"கத்துறது ஏனெண்டு தெரியுமா அக்கா? குழாயில காத்துக் குமிழ் வந்தா பம்பு நிக்கவேணும். ஆனா பழைய பம்பு ஒரு கடுகளவு குமிழுக்கும் நிண்டு கத்தும். அது ஆளுக்கு ஒண்டும் செய்யாது. சும்மா சும்மா கத்தினா, உண்மையா ஆபத்து வரேக்க நீங்கள் நம்பமாட்டீங்கள். அதுதான் எங்கட பிரச்சினை. எந்தக் குமிழ் ஆபத்து, எது இல்லை எண்டு பிரிக்கிற பகுதியை நான் எழுதினனான். புதுப் பம்பில அதுதான் ஓடுது. தேவையில்லாத அலாரம் நல்லாக் குறைஞ்சிட்டுது. ஆபத்தான குமிழ் ஒண்டையும் தவறவிடேல்லை. பரிசோதனைகள் முழுக்க நான்தான் நிண்டு பாத்தனான்."

"அப்போ அந்தப் புது பம்பை எங்க வார்டுக்கு அனுப்பச் சொல்லும்மா!"

"வாங்கச் சொல்லி உங்கட மனேஜரைப் பிடியுங்கோ அக்கா."

அவர் உரக்கச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் நீயே எழுதினது?" என்று கேட்டார். ஓம் என்றேன். அத்துடன் அவரது அதிகாரி வேடம் கலைந்தது.

கிளாப்பம் ஜங்ஷனில் ரயில் மாறி வொக்ஸ்ஹோலில் இறங்கினோம். தூதரகம் அங்கிருந்து ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டி போன்ற கட்டடம். ஒரு பக்கம் வளைந்த குளம், அதில் வாத்துகள். கூட வருபவர்களை உள்ளே விடுவதில்லை. எதிரே இருந்த கடையில் அப்பா மூன்று பவுண் எண்பதுக்கு ஒரு கோப்பி வாங்கி, விலைக்காகத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். "போயிட்டு வா பிள்ளை" என்றார். ஆலோசனை எதுவும் சொல்லவில்லை.

உள்ளே முதல் ஜன்னலில் காகிதங்களையும் கைரேகையையும் எடுத்தார்கள். நீண்ட நேரம் காத்திருந்த பிறகு இரண்டாவது ஜன்னல். வலது கையை உயர்த்தி உண்மை பேசுவதாக உறுதி சொன்னேன். அதிகாரி என் வயதுப் பெண். பொஸ்டனில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதுதான் அவரது முதல் கேள்வி. ரயிலில் சொன்னதையே ஆங்கிலத்தில் சொன்னேன். கடுகுக்குப் பதில் குண்டூசித் தலை. அவர் தட்டச்சை நிறுத்திவிட்டு, ஆபத்தான குமிழைத் தவறவிடவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் வடிவமைத்த சோதனைகளை ஒவ்வொன்றாக விளக்கினேன். பேசப் பேச, இவ்வளவும் நான் செய்ததுதான் என்று எனக்கே உறைத்தது. என் கடவுச்சீட்டைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, விசா அனுமதிக்கப்பட்டது, கூரியரில் வரும் என்றார்.

வெளியே வந்தபோது அப்பா கடை வாசலில் நின்றார்.

"பம்பைப் பற்றிக் கேட்டவையே?"

"ஓம் அப்பா. முதல் கேள்வியே அதுதான். விசா தந்திட்டினம்."

என் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டு, நிலையத்தை நோக்கி வேகமாக நடந்தார்.

திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. இதே தண்டவாளத்தில் எத்தனையோ தடவை வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். பொஸ்டனில் எந்த ரயிலில் ஏறுவேன் என்று இன்னும் தெரியாது. அங்கே என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் சொல்ல முடியும் என்பது மட்டும் தெரியும்.

அப்பா இல்ஃபோர்டில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் எடுத்திருந்தார். பெட்டி முழுக்கக் கேட்டது. "குமிழடா, காத்துக் குமிழ்! அதைப் பிரிக்கிறது லேசான வேலையில்லை. இவள்தான் எழுதினவள். ஓமடா, தனிய!"

"அப்பா, விசா கிடைச்சதையும் சொல்லுங்கோ."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அதை நாளைக்குச் சொல்லுவம் பிள்ளை. இண்டைக்கு இது காணும்."