பூவரசு நின்ற இடம்

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு கடப்பாரை சாய்ந்து நிற்கிறது. திண்டிவனத்து வாடகை வீட்டில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் மூன்று வீடு மாறியபோதும் விடாமல் தூக்கி வந்தேன். அது என் சின்னம்மாவுடையது.

காலங்காலமாக அடுத்தவர் நிலத்தில் குனிந்த எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டா வாங்கியவள் அவள். வளவனூர்ப் பக்கம் சின்ன மனை. பட்டாவோடு கொடுத்த தாளில், மேற்கு எல்லை பூவரசு மரம் என்று எழுதியிருந்தது. அவள் கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போயிருந்த ஒரு பகலில் பக்கத்து நிலத்துக்காரர் அதை வெட்டிச் சாய்த்தார். அடிக்கட்டை துளிர்த்ததும் உப்பைக் கொட்டினார். வேரோடு தோண்டினால் ஊர் கேட்கும் என்று, கட்டையைத் தரைமட்டமாகச் சீவி மேலே ஏரி மண்ணைப் பரப்பிவிட்டார். செத்த வேர் தானாக மக்கிப்போகும் என்று நினைத்தார். மக்கத்தான் செய்தது. சில மழைக்காலம் அங்கே காளான் பூத்தது, கரையான் ஏறியது, பிறகு ஒன்றுமில்லை. அப்புறம் அவருடைய வேலி நான்கடி நகர்ந்து எங்கள் அடுப்படிச் சுவரை ஒட்டி நின்றது. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை; ஆற விடவும் மாட்டேன்.

சின்னம்மா மனுக்கொடுத்து அளக்க வந்த சர்வேயரிடம் நிலத்துக்காரர், "இங்க மரமே இருந்ததில்லைங்க" என்றார். சின்னம்மா வாதாடவில்லை. கடப்பாரையை எடுத்து வேலியோரம் குத்தினாள். கெட்டி மண் அவள் கையைத் திருப்பி அடித்தது. வேலியைத் தாண்டி நான்கடி தள்ளிக் குத்தினாள். முழங்கை ஆழத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. தோண்டியபோது காப்பித்தூள் போல மண் வந்தது. அதைச் சுற்றி நாலாபக்கமும், உள்ளே ஒன்றுமில்லாமல் பட்டை மட்டும் குழாயாக நின்ற வேர்கள்.

"மரத்த வெட்னீங்க. அது நின்ன எடத்த எப்பிடிங்க வெட்டுவீங்க?" என்றாள்.

சர்வேயர் அங்கிருந்துதான் நாடாவைப் பிடித்தார். அவர் கிளம்புவதற்குள் ஒரு பூவரசங்கிளைப் போத்தை வெட்டிவந்து அதே குழியில் நட்டு, நிலத்துக்காரரைப் பார்த்து, "உப்பு வேணுமுன்னா சொல்லுங்க, நானே தர்றேன்" என்றாள்.

சின்னம்மா இப்போது இல்லை. மனை என் பேரில் இருக்கிறது. போன மாதம் அந்த நிலத்துக்காரரின் மகன் போன் செய்தான்.

"ஒங்க மரத்து எல எங்க நெலத்துல கொட்டிக்கினே கீதுக்கா. ஆள வுட்டு மரத்த எடுத்துடட்டா?"

"எடுப்பா. கடப்பார எங்கிட்டதான் கீது" என்றேன்.

அவன் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.