நான்காம் பக்கத்து வெல்டிங்

வேலைக்காக மலாய் நாட்டுக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸில் நான் முதன்முதலாகச் சாப்பிடப் போன கடையில், தோசைக்கு இலை போட்ட அண்ணன், "தண்ணி என்ன வேணும் பாஸ்?" என்று கேட்டார். காலை எட்டு மணி. "எனக்குத் தண்ணியெல்லாம் பழக்கமில்லைங்க" என்றேன். அவர் ஒரு டம்ளர் வெந்நீரை வைத்துவிட்டுப் போனார். இங்கே டீ, காபி, ஜூஸ் எல்லாமே தண்ணிதான் என்று பக்கத்து மேசைக்காரர் பிறகு விளக்கினார். அன்று ஊருக்குப் போன் செய்தபோது நானும் மனைவியும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நம்முடைய தமிழ்தான் அசல், இவர்களுடையது கலந்து கெட்டுப்போனது என்ற நினைப்பு அந்தச் சிரிப்புக்குள் இருந்தது. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

நான் துவாக்குடிக்காரன். கிள்ளானில் இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டிசைன் வேலை. தினமும் ரயிலில் போய் வருகிறேன். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தகட்டையும் முப்பரிமாணத்தில் வரைந்து, அவை சேரும் மூலைகளில் வெல்டிங் பீட்களையும் வரைவேன். உருகி உறைந்த இரும்பு மூலையில் ஒரு கோடாக நிற்குமே, அதைத்தான் பீட் என்பார்கள். பெரும்பாலோர் அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். நான் அப்படியில்லை. பீட்டின் அகலம், அதன் மெல்லிய மேடு, மேலே மீன் செதில் போல வரும் வரிகள் வரை வரைவேன். ஊரில் வேலை பார்த்த இடத்தில் இதற்காகவே என்னைப் பாராட்டுவார்கள். ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் என் திரையைப் பார்த்துவிட்டு, "தொட்டா சுடும்போல இருக்கேப்பா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டுதான் நான் விமானம் ஏறினேன்.

ஒருமுறை எனக்கு வந்த வேலை, போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றுக்காகக் குழாய்களைத் தூக்கும் சட்டம். நான்கு தகடுகளைச் சேர்த்த நீளமான இரும்புப் பெட்டி; பலத்துக்காக உள்ளே மூன்று குறுக்குத் தகடுகள். ஒவ்வொரு குறுக்குத் தகட்டுக்கும் நான்கு பக்கமும் பீட் வரைந்தேன். உள்ளே தெரிவதற்காக மேல்தகட்டைக் கண்ணாடி போல ஆக்கிவிட்டு, ஒரு வாரம் ரசித்து வரைந்தேன். வாடிக்கையாளர் படத்தைப் பார்த்து உடனே ஒப்புக்கொண்டார்.

வெல்டிங் செய்தவர் பரமேஸ்வரி அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது. பந்திங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். பீட்டுக்குள் ஓட்டை இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற வேலைகளை அவரிடம்தான் கொடுப்பார்கள். வேலை தொடங்கிய அன்று டிராயிங்கோடு என் மேசைக்கு வந்தார்.

"சார், இந்தப் பக்கம் துத்துப் பண்ணிட்டா நாலாவது எப்படி?"

துத்துப் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஏதோ சாமானின் பெயர் என்று நினைத்தேன். கேட்க வெட்கமாக இருந்தது. "டிராயிங்ல இருக்கிற மாதிரியே பண்ணிடுங்க அக்கா" என்றேன்.

"அதான் சார் கேக்குறேன்."

"அப்படியே பண்ணுங்க."

அவர் டிராயிங்கைச் சுருட்டிக்கொண்டு போனார். அன்று மாலை பிரிக்பீல்ட்ஸில் நான் சலவைக்குப் போட்டிருந்த கடை பூட்டியிருந்தது. கதவில் துத்துப் என்று மலாயில் பலகை தொங்கியது. மூடியாயிற்று என்று அர்த்தம். பலகையின் முன்னால் நின்றபடியே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கடைசித் தகட்டை வைத்து மூடிய பிறகு நான்காம் பக்கத்தை எந்தக் கை உள்ளே போய் வெல்டு செய்யும்? கம்ப்யூட்டரில் இரும்பைக் கண்ணாடியாக்கலாம். அங்கே முடியாது. மறுநாள் காலை சொல்லியிருக்கலாம். சொன்னால் டிராயிங்கைத் திருத்தவேண்டும், வாடிக்கையாளரிடம் தவறை ஒப்புக்கொள்ளவேண்டும். அனுபவசாலி, எப்படியாவது சமாளித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவரால் முடிந்தது மூன்று பக்கம்தான். எடை ஏற்றிச் சோதித்தபோது மேல்தகடு பெரிய சத்தத்தோடு உப்பிப் பிளந்தது. நல்ல வேளை, பக்கத்தில் யாரும் இல்லை. அறுத்துப் பார்த்தார்கள். மேனேஜர் லிம் எல்லோரையும் கூப்பிட்டு, என் படத்தைப் பெரிய திரையில் போட்டார். நான்கு பக்கமும் பீட்கள் அழகாக மின்னின. படத்தில் நான்கு இருக்க, செய்தது ஏன் மூன்று என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான் சார்கிட்ட கேட்டேன். அப்படியே பண்ணச் சொன்னாரு" என்றார் அக்கா. ஒருவர் அதை மொழிபெயர்த்தார். லிம் என் பக்கம் திரும்பினார்.

என் விசாவை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதை இப்போது ஒரு சாக்காகச் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் என் மனத்தில் ஓடியது அதுதான். "அவங்க ஏதோ கேட்டாங்க. அவங்க பேசின தமிழ் எனக்குப் புரியலை" என்றேன்.

அன்றே அக்காவை வெல்டிங்கிலிருந்து எடுத்து, பிசிறு தேய்க்கும் பகுதிக்கு அனுப்பினார்கள். வெல்டிங் தேர்வில் மறுபடி தேறும்வரை அங்கேதான் என்றார்கள். பதினோரு நாள் அவர் கிரைண்டரோடு குனிந்து நின்றதைக் அலுவலகக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். அவர் ஒரு தடவைகூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. முறைத்திருந்தால், பதிலுக்குக் கோபப்பட்டு நான் இன்னும் சில நாள் தாங்கியிருப்பேனோ என்னவோ. பன்னிரண்டாம் நாள் லிம்மின் அறைக்குப் போய், தவறு என்னுடையது, அவர் கேட்டது எனக்கு அன்று மாலையே புரிந்துவிட்டது என்று சொன்னேன்.

லிம் கத்தவில்லை. குறுக்குத் தகடுகளுக்கு நேரே மேல்தகட்டில் நீளமாகத் துளைகள் வெட்டிவிடு, வெளியிலிருந்தே வெல்டு செய்து நிரப்பட்டும் என்றார். அவ்வளவுதான். இதற்காகவா பதினோரு நாள் என்று நினைத்தபோதுதான் எனக்கு உடம்பு கூசியது.

அக்கா அன்று மத்தியானமே வெல்டிங்குக்குத் திரும்பினார். தொழிற்சாலைக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் போய், "மன்னிச்சிடுங்க அக்கா" என்றேன். டப்பாவை மூடிவிட்டுத்தான் பேசினார்.

"டிராயிங் தப்பு யாருக்கும் வரும் லா. நானும் எத்தனையோ தப்பு பண்ணியிருக்கேன். ஆனா அத்தனை பேர் முன்னாடி, நான் பேசுன தமிழ் புரியலன்னு சொன்னீங்களே. தமிழ் ஸ்கூல்ல படிச்சவ சார் நான். எங்க அப்பா ரப்பர் மரம் சீவி எங்க அஞ்சு பேரையும் அங்கதான் போட்டாரு. மலாய் ஸ்கூல்ல போட்டா வேல கெடைக்கும்னு எல்லாரும் சொன்னாங்க, அவரு கேக்கல."

அவர் எழுந்து கை கழுவப் போனார்.

விசா புதுப்பிக்கப்பட்டது. நான் இப்போது எதை வரைந்தாலும், முதலில் கீழே இறங்கிப் போய் வெல்டிங் டார்ச் உள்ளே போகுமா என்று கேட்கிறேன். மற்றவர்கள் தமிழில் விளக்குகிறார்கள். பரமேஸ்வரி அக்கா மட்டும் முகமூடியை நெற்றிக்கு ஏற்றி, தகட்டில் விரல் வைத்து, "சார், திஸ் சைட் கேன். தட் சைட் கேனாட்" என்கிறார். நான் "ஓகே, தேங்க் யூ" என்கிறேன். நடுவில் ஓர் இரும்புத் தகடு, இரண்டு பக்கமும் இரண்டு தமிழர்கள், இருவருக்கும் சரியாக வராத ஆங்கிலம்.