இடது பக்க அட்டை

பேன்ட் மாஸ்டர் வாயைத் திறந்தால் ஒன்று பல்லில் கவ்விய குண்டூசியை எடுப்பதற்காக இருக்கும், இல்லையென்றால் "ஒண்ணுமில்ல" என்று சொல்வதற்காக இருக்கும். கல்யாணமான புதிதில் மெஷின் ஊசி அவர் நகத்துக்குள் ஏறி ஒடிந்தபோதும் அதே "ஒண்ணுமில்ல"தான். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாதியில் நின்ற தையலை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அன்று மனைவிக்கு அது பெருமையாக இருந்தது. போகப்போக அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடை ஒரே அறை. முன்னால் வெட்டும் மேஜை, பின்னால் தையல் மெஷின், மூலையில் திரை போட்ட டிரையல் ரூம். சுவரில் ஆணி ஆணியாக, துணிமேல் வைத்து வெட்டும் அளவு அட்டைகள். இப்போதெல்லாம் அவர் நின்றபடி வெட்டுவார், அவள் உட்கார்ந்து தைப்பாள். அவர் வெளியூர் போயிருந்தபோது ஓட்டல்காரர் யூனிஃபார்முக்கு நெருக்கினார். சரி, நாமே வெட்டுவோம் என்று அவள் கத்திரியை எடுத்தாள். ஓட்டல் பசங்களுக்கெல்லாம் முப்பத்துநாலு இடுப்பு. அந்த அளவு ஆணியில் புதிதாக ஒரு ஜோடி அட்டை தொங்கியது. இடது முன்பக்கம் மட்டும் கவட்டையருகே அகலம் கூடியிருந்தது. ஏதோ புது மாதிரி போலிருக்கிறது என்று நினைத்தாள். போன் போட்டுக் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியாதா? வெட்டித் தைத்து அனுப்பிவிட்டாள்.

மாஸ்டர் திரும்பிய மறுநாளே ஓட்டல் சூப்பர்வைசர் மூட்டையோடு வந்து நின்றான்.

"அக்கா, இது என்ன மாடல்? பசங்க எல்லாரும் இடது பக்கம் எலுமிச்சம்பழத்தை ஒளிச்சு வச்ச மாதிரி நிக்கிறானுங்க. சாப்பிட வந்தவங்க தட்டைப் பார்க்காம இவனுங்களைப் பார்க்கிறாங்க!"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாஸ்டர் சிரிக்கவில்லை. "நாளைக்கு வந்து வாங்கிக்கப்பா" என்று அவனை அனுப்பிவிட்டு, நேரே போய் ஆணியிலிருந்து அந்த ஜோடியை எடுத்தார். மடித்துச் சட்டைக்குள் செருகப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முப்பத்துநாலு அவருடைய அளவு.

ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"காட்டுங்க."

"ஒண்ணுமில்ல. நெறி கட்டியிருக்கு, அவ்வளவுதான். நாள் பூரா பெடல் மிதிக்கிற காலு..."

"பெடல் மிதிக்கிறது நானு. நீங்க வெட்டுறவரு."

திரைக்குப் பின்னால் பார்த்தாள். தொடையிடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கே இருந்தது, கல்லு மாதிரி. போன மழைக்காலத்துக்கு முன்னாலிருந்தே இருக்கிறதாம்.

"ஏன் சொல்லல?"

பேன்ட் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "அந்த எடத்துல கட்டின்னா... நீ வேற மாதிரி நெனச்சுட்டா?"

"இத்தனை வருஷமா உங்க துணியைத் துவைக்கிறவ நான். நீங்க எங்க போறீங்க, எங்க வரீங்கன்னு எனக்குத் தெரியாதா?" கத்த வாயெடுத்தவளுக்கு அழுகை வந்துவிட்டது.

தொட்டுப் பார்த்ததும் அறுவை சிகிச்சை டாக்டரம்மாவின் முகம் மாறியது. நெறியில் இவ்வளவு பெரிய கட்டி என்றால், பெரும்பாலும் உடம்பில் வேறெங்கோ இருக்கும் புற்றுதான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் என்றார். தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுத்துத் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததுதான் அவளை அரித்தது. அவர் இருமினால் நெஞ்சோ என்பாள், சோற்றை மிச்சம் வைத்தால் குடலோ என்பாள். இந்த மனுஷனைப் போலவே அதுவும் எங்கோ வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் முடிவு சொன்னார்கள்.

"கெட்டது இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "அந்த நெறிக்குள்ள இருக்கிற தசை நாருலயே மொளைச்சது. எங்கேருந்தும் வரல, எங்கேயும் பரவாது. ரொம்ப அபூர்வம், நானே இப்பதான் முதல் தடவையா பார்க்கிறேன். எப்பவாவது ஒருத்தருக்குத் திரும்ப வரலாம். அப்படி ஏதாவது தெரிஞ்சா உடனே சொல்லச் சொல்லுங்க."

"யாரு, இவரா?" என்றாள். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

அதன்பிறகு மாதம் பிறந்தால் அவளே அவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி விரலால் தடவிப் பார்ப்பாள். "ஒண்ணுமில்ல" என்பார். "பேசாம நில்லுங்க. இருக்கா இல்லையான்னு இனிமே நான்தான் சொல்லணும்" என்பாள்.

இந்த மாதம் விரல் தழும்பைத் தாண்டும்போது அவராகவே சொன்னார்: "அங்க தொட்டா கொஞ்சம் வலிக்குது."

எத்தனை வருஷமாக அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வராதா என்று ஏங்கியிருக்கிறாள்! வந்ததும் விரல் அங்கேயே நின்றது. தையல் போட்ட இடம், வலிக்கத்தான் செய்யும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"எங்க? இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் மேல."

தடவினாள். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. ஆனாலும் விரலை எடுக்க மனம் வரவில்லை.

"நாளைக்குக் கடை லீவு. டாக்டரம்மாவைப் பார்த்துட்டு வந்துடலாம்."

"சரி" என்றார் மாஸ்டர்.